இடை சிறுத்த பலகை

ஸ்கீ ஒன்றை எடுத்து அதன் மேற்புறத்தைப் பார்த்தால் 120-66-104 என்பது போல மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முன்பகுதியின் அகலம், நடுவின் அகலம், பின்பகுதியின் அகலம், எல்லாம் மில்லிமீட்டரில். கடைக்கு வருபவர்கள் நீளத்தைக் கேட்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், எந்த வீரர் இந்தக் கம்பனியின் ஸ்கீயில் ஓடுகிறார் என்று விசாரிப்பார்கள். நடு எண்ணைக் கேட்பவர்கள் குறைவு. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நவீன ஸ்கீயின் 150 ஆண்டுக் கதையில் பாதிக்கு மேல் அந்த இடையின் கதை. அது ஒரு காலத்தில் ஒடுங்கியது, பிறகு நெடுங்காலம் ஏறக்குறைய நேராகவே நின்றது, 1990களில் மறுபடி ஒடுங்கியது, இப்போது பல கடைகளில் அகன்றுகொண்டு போகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து 1980களின் பிற்பகுதியில் சுவிஸுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். எங்களில் பலரைப் போல எனக்கும் முதல் வேலை ஹோட்டல் சமையலறையில்தான். பேர்ண் மாநிலத்து மலைகளில் அடல்போடன் என்ற ஊர். சில ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் பட்டறையில் சேர்ந்தேன். ஸ்கீயின் அடிப்பகுதிக்கு மெழுகு ஏற்றுவது, கீறல்களை அடைப்பது, இரும்பு விளிம்பைத் தீட்டுவது, இதுதான் தொழில். ஒரு பொருளின் வரலாற்றைப் படித்து அறிவது ஒரு வகை. அதன் விளிம்பை நாள் முழுதும் அரத்தால் தேய்த்து அறிவது இன்னொரு வகை. எனக்கு இரண்டாவது வகைதான் முதலில் வாய்த்தது. படிப்பு பின்னால் வந்தது.

நோர்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1825இல் பிறந்த சோன்ட்ரே நோர்ஹைம் சொந்த நிலமில்லாத ஏழைக் குடியானவர். அந்தக் காலத்து ஸ்கீ நீண்ட பலகை. காலின் முன்புறத்தை மட்டும் ஒரு வார் பிடித்திருக்கும், குதிகால் கட்டில்லாமல் அசையும். நேரே போவதற்கு அது போதும். சரிவில் நினைத்த இடத்தில் திரும்புவதற்குப் போதாது. நோர்ஹைம் மிலாறுகளை முறுக்கிக் குதிகாலைச் சுற்றி ஒரு கட்டு அமைத்தார். பலகையைக் குட்டையாக்கினார், அதன் நடுவை ஒடுக்கினார். 1868இல் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், நடந்த போட்டிக்கு 42 வயதில் வந்து, இளைஞர்களையெல்லாம் வென்றார். நகரத்தார் அதுவரை கண்டிராத விதமாகத் தாவினார், திரும்பினார், நின்றார். பிறகு 1884இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் பெயர்ந்தார். 1897இல் வடக்கு டகோட்டாவில் இறந்தார். மலைச்சரிவில் திரும்பும் கலையை உலகுக்குக் கொடுத்தவர் பெரும் சமவெளி ஒன்றில் அடக்கமாகியிருக்கிறார். இந்த விவரத்தை வாசித்த நாளில் எனக்கு மனம் கனத்துவிட்டது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது புரியும்.

நடு ஒடுங்கினால் என்ன நடக்கும்? ஸ்கீயை ஒரு சமதளத்தில் பக்கவாட்டில் சரித்து வையுங்கள். முன்பகுதியும் பின்பகுதியும் தரையைத் தொடும், நடு மட்டும் தரையிலிருந்து சற்று விலகி நிற்கும். இப்போது அதன் மேல் உங்கள் எடையை ஏற்றினால் நடு தாழ்ந்து, பலகை வில்லாக வளையும். வளைந்த விளிம்பு பனியில் ஒரு வட்டத்தின் துண்டைக் கீறும். ஸ்கீ அந்தக் கீறலுக்குள்ளேயே ஓடும். சறுக்குபவர் காலை முறுக்கித் தள்ள வேண்டியதில்லை, பலகையே திருப்பும். இதைத்தான் கார்விங் என்கிறார்கள். முன்நுனி போன அதே கோட்டில் பின்நுனியும் போக வேண்டும் என்பதுதான் இதன் இலக்கணம். கோடு அகன்று, பனி பக்கவாட்டில் வழிக்கப்பட்டிருந்தால் அது சறுக்கித் திரும்பியது, கீறித் திரும்பியது அல்ல.

கணக்கும் எளிதுதான். பனியைத் தொடும் நீளத்தின் வர்க்கத்தை, இடை எவ்வளவு உள்ளே வாங்கியிருக்கிறது என்ற ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், அந்த ஸ்கீ இயல்பாகக் கீறும் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். பழைய நீள ஸ்கீ ஒன்று 1.8 மீட்டர் பனியைத் தொடுகிறது, இடை 8 மி.மீ. உள்ளே வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆரம் சுமார் 50 மீட்டர். எங்கள் ஊர்ச் சரிவுகளில் 50 மீட்டர் ஆரத்தில் ஒரு முழுத் திருப்பம் போட இடமே கிடையாது. ஆகவே எல்லாரும் வழித்துத்தான் திரும்பினார்கள்.

நோர்ஹைம் கண்ட இடையை யாரும் ஏன் நூறு ஆண்டுக்கு மேல் இன்னும் ஆழமாக்கவில்லை என்ற கேள்வி என்னை நீண்ட நாள் துளைத்தது. நான் கண்ட விடை இது: மூன்று பொருள்கள் இன்னும் வந்து சேரவில்லை. விளிம்பு, முறுக்குத் தாங்கும் உடல், தட்டையான கெட்டிப் பனி.

விளிம்பு முதலில் வந்தது. ஒஸ்திரியாவின் ருடோல்ப் லெட்னர் மலையேறுபவர். இறுகிய பனிச்சரிவில் ஒருமுறை வழுக்கிச் சென்றபோது கைத்தடியின் இரும்பு முனையால் உயிர் தப்பினார் என்றும், ஸ்கீக்கும் இரும்பு வேண்டும் என்று அன்று தோன்றியது என்றும் சொல்வார்கள். 1926இல் அவர் எஃகு விளிம்புக்குக் காப்புரிமை கேட்டார். சிறு சிறு எஃகுத் துண்டுகளை மரத்தின் ஓரத்தில் வரிசையாகத் திருகாணியால் பூட்டும் முறை அது. துண்டுகள் கழன்று விழும், மீண்டும் பூட்ட வேண்டும். இன்று விளிம்பு முழு நீளத்துக்கும் ஒரே எஃகுக் கீற்று. அதைத் தீட்டும்போதெல்லாம் லெட்னருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். மர விளிம்பு கெட்டிப் பனியில் சீக்கிரம் உருண்டு மழுங்கிவிடும். அதைக் கொண்டு ஒரு கோடும் கீற முடியாது.

உடல் வலுப்பெற இன்னும் நாளாயிற்று. மரம் நீளவாக்கில் வளைவதோடு குறுக்கே முறுக்கவும் செய்யும். முன்பகுதியை அகலமாக்கி இடையை ஒடுக்கினால், சரிக்கும்போது அகன்ற முன்பகுதி முறுக்கிக்கொண்டு பனியை விட்டு எழும்பிவிடும். அமெரிக்காவில் விமானத் தொழிற்சாலைப் பொறியாளராக இருந்த ஹவர்ட் ஹெட், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மரத்தை வைத்து ஒட்டும் ஸ்கீயைப் பலமுறை உடைத்து, பலமுறை திருத்தி, 1950 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1960இல் ஸ்குவா வெலி ஒலிம்பிக்கில் பிரான்ஸின் ஜோன் வுவார்னே உலோக ஸ்கீயில் ‘டவுன்ஹில்’ தங்கம் வென்றார். அதே காலத்தில் கண்ணாடி இழையும் வந்தது. பிறகு டைட்டானல் என்ற உறுதியான அலுமினியக் கலவை வந்தது. இன்றும் நல்ல பந்தய ஸ்கீயின் உள்ளே மரமும் இரண்டு டைட்டானல் தகடும்தான் இருக்கின்றன. ஆனால் வடிவம் மட்டும் அசையவில்லை. இவ்வளவு நல்ல பொருள்கள் கிடைத்த பிறகும் பலகை 2 மீட்டர் நீளத்தில், கண்ணுக்கு ஏறக்குறைய நேராகத் தெரியும்படியே செய்யப்பட்டது. 1950களில் ஒஸ்திரியப் பயிற்றுநர்கள் பரப்பிய ‘வேடெல்ன்’ முறையில் இரண்டு கால்களையும் ஒட்டிவைத்து, உடலைத் தூக்கி எடையைக் குறைத்து, குதிகாலை இடமும் வலமும் வீச வேண்டும். பார்க்க அழகு. அந்த அழகுக்கு நேர்ப் பலகையே ஏற்றது.

மூன்றாவது பொருளான பனியைப் பற்றி ஸ்கீ வரலாறு எழுதுபவர்கள் அதிகம் பேசுவதில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது. முன்பெல்லாம் பனி விழுந்தால் ஆட்கள் ஸ்கீயைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் படி படியாக மிதித்துத் தடத்தைக் கெட்டியாக்குவார்கள். நூற்றுக்கணக்கானோர் திரும்பித் திரும்பிப் போக, மேடும் பள்ளமுமாகக் குவியல்கள் எழும். குவியலுக்கு நடுவே ஒரு முழு வட்டத்துண்டைக் கீற இடம் எங்கே? 1950களின் தொடக்கத்தில் கொலராடோவின் விண்டர் பார்க்கில் ஸ்டீவ் பிரட்லி சரிவைச் சமப்படுத்தும் ஓர் உருளையைச் செய்தார். அதைப் பிடித்தபடி ஒருவர் சறுக்கி இறங்க வேண்டும், அது பின்னாலேயே உருண்டு வரும். உயிருக்கு ஆபத்தான வேலை. 1969இல் ஜெர்மனியின் கேஸ்போரர் நிறுவனம் பிஸ்டன்புல்லி வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பனி வண்டியானாலும் ஊரார் ‘ரட்ராக்’ என்றே சொல்வார்கள். பின்னால் சுழலும் பல்லுருளை வந்த பிறகு, இரவெல்லாம் ஓடி விடியும்போது மெல்லிய வரிகள் ஓடிய பாய் போலச் சரிவை விரித்துவைத்துவிட்டுப் போகின்றன. செயற்கைப் பனியும் சேர்ந்தது. சுவிஸில் 1978இல் சவோன்யின் ஊரில் பெரிய அளவில் அது தொடங்கியது. குழாயிலிருந்து வரும் பனி இயற்கைப் பனியின் இதழ்களாக விழுவதில்லை. உருண்டைத் துகளாக விழும், நெருங்கி இறுகும். இறுகிய பனிக்கு விளிம்பு தேவை. அகலம் தேவையில்லை.

இவ்வளவும் தயாரான பிறகு வழியைக் காட்டியது ஸ்கீக்காரர்கள் கூட இல்லை. 1965இல் மிச்சிகனில் ஷெர்மன் பொப்பன் தன் பிள்ளைகளுக்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துக் கட்டியதில் தொடங்கிய விளையாட்டு, 1980களில் ஸ்னோபோர்டாக வளர்ந்து நின்றது. குட்டைப் பலகை, ஆழமான இடை. சறுக்கு நிலையங்கள் பலவற்றில் அந்த இளைஞர்களை ஏற்றவே மறுத்தார்கள். ஆனால் அவர்கள் போன சரிவில் வழித்த தடம் இல்லை, மெல்லிய கோடு ஒன்றுதான் இருந்தது. ஸ்கீ செய்பவர்களில் கண் உள்ளவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்தவர்களுள் சுலோவேனியாவின் எலான் தொழிற்சாலைப் பொறியாளர்கள் முன்னால் நிற்கிறார்கள். பெகூன்யே என்ற ஊரில் இருக்கும் அந்தத் தொழிற்சாலைக்கு 1945இல் வித்திட்டவர் ரூடி ஃபின்ஜ்கார். போர்க்காலத்தில் விடுதலைப் போராளிகளுக்கு ஸ்கீ செய்து கொடுத்தவர். சுவீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் தன் 86 உலகக்கோப்பை வெற்றிகளையும் எலான் ஸ்கீயில்தான் பெற்றார். அடல்போடனின் செங்குத்தான கியூனிஸ்பெர்க்லி சரிவில் அவர் பலமுறை வென்றதை எங்கள் ஊர் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். இவ்வளவு புகழ் பெற்ற நிறுவனம் 1990இல் நொடித்துப்போனது. அந்த நெருக்கடிக் காலத்தில்தான் யூரி ஃபிராங்கோவும் பாவெல் ஷ்கோஃபிட்சும், முன்பகுதி 110, இடை 63, பின்பகுதி 105 மி.மீ. என்ற ஒரு பலகையை வரைந்தார்கள். (1984 சரயேவோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற யூரே ஃபிராங்கோ வேறொருவர். இருவரையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) இடை 22 மி.மீட்டருக்குச் சற்று அதிகமாக உள்ளே வாங்கியது, ஆரம் 15 மீட்டர். முன் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், 50 மீட்டர் எங்கே, 15 மீட்டர் எங்கே! 1993இல் அது எஸ்.சி.எக்ஸ். என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஒஸ்திரியாவின் நைஸல் நிறுவனமும் ஏறக்குறைய அதே காலத்தில் ‘எர்கோ’ என்ற இடை சிறுத்த ஸ்கீயைக் கொண்டுவந்தது. யார் முந்தியவர் என்று இரு நாட்டாரும் வாதிடுவதுண்டு. என் தீர்ப்பு எலானுக்கே. துணிந்து இவ்வளவு ஆழம் போனவர்கள் அவர்கள்தான்.

பெரிய கம்பனிகள் முதலில் தயங்கின. இது கற்றுக்கொள்பவர்களுக்கான பொருள், வேகத்துக்கு ஆகாது என்றார்கள். 1996இல் அமெரிக்க இளையோர் போட்டியில் போடி மில்லர் என்ற பையன், கே2 நிறுவனம் பொதுமக்களுக்கு விற்ற இடை சிறுத்த ஸ்கீயைக் கட்டிக்கொண்டு பந்தய ஸ்கீக்காரர்களை வென்றான். அதன் பிறகு தயக்கத்துக்கு இடமில்லை.

அந்த மாற்றத்தை நான் பட்டறையிலிருந்து பார்த்தேன். வாடகைக்கு விடும் நேர் ஸ்கீக்கள் கட்டுக் கட்டாக வெளியே போயின. இன்றும் எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டு வேலிகளில் அவை நிற்கின்றன, இரண்டு மீட்டர் நீளத்தில், நிறம் வெளுத்து. பயிற்றுநர்கள் பலருக்கு அது சோதனைக் காலம். இருபது, முப்பது ஆண்டு கால்களை ஒட்டிவைத்துப் பழகியவர்கள் இப்போது கால்களை விலக்கி வைக்க வேண்டும், தூக்கி வீசுவதை விட்டுச் சரித்துக் காத்திருக்க வேண்டும். சிலர் ஒரே பருவத்தில் மாறினார்கள். சிலர் கடைசிவரை மாறவில்லை. மாறாதவர்களின் சறுக்கலிலும் ஓர் எழில் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பந்தயத்தில் நீளம் மளமளவென்று குறைந்தது. 2 மீட்டராக இருந்த ஸ்லாலம் ஸ்கீ சில ஆண்டுகளில் 160 சென்டிமீட்டருக்கும் கீழே வந்தது. சர்வதேச ஸ்கீ சம்மேளனம் தலையிட்டு ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 155 செ.மீ. என்று குறைந்தபட்ச நீளம் விதித்தது. ஜயன்ட் ஸ்லாலத்தில் முழங்கால் காயங்கள் பெருங்கவலையாயின. வளைவு கூடக் கூட, விளிம்பு பிடித்ததை விடாது. தடுமாறினால் ஸ்கீ நழுவாமல் காலை இழுத்துக்கொண்டு போகும். சால்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வை முன்வைத்து, 2012-13 பருவத்தில் ஆண்களுக்கான குறைந்தபட்ச ஆரத்தை 27 மீட்டரிலிருந்து 35 மீட்டராக்கினார்கள். விளையாட்டையே பின்னுக்கு இழுக்கிறார்கள் என்று கடுமையாக எதிர்த்தவர் அமெரிக்காவின் டெட் லிகெட்டி. அந்தப் பருவத்தின் முதல் பந்தயத்தில், சோல்டன் சரிவில், அவரே 2.75 விநாடி வித்தியாசத்தில் வென்றார். பிறகு 2017-18இல் ஆரம் 30 மீட்டருக்கு இறங்கியது. வீரர்கள் தங்கள் உடலால் எழுதிய வரலாறு இது. நாம் கடையில் எடுக்கும் ஸ்கீயின் வடிவத்தில் அந்தக் காயங்களின் பாடமும் சேர்ந்திருக்கிறது.

இடையின் அகலத்தை அந்தச் சம்மேளனம் எப்படிக் கையாள்கிறது என்பதை நான் கடைக்கு வருபவர்களுக்குச் சொல்வதுண்டு. ஸ்லாலத்தில் காலடியில் 63 மி.மீட்டருக்குக் குறையக்கூடாது, ஜயன்ட் ஸ்லாலத்தில் 65 மி.மீட்டருக்கு மேல் போகக்கூடாது. உலகின் மிகச் சிறந்த சறுக்குபவர்கள், நீரூற்றி இறுக்கிய சரிவில், இவ்வளவு சிறிய இடையில்தான் நிற்கிறார்கள். மார்கோ ஓடர்மட் 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து கியூனிஸ்பெர்க்லியில் ஜயன்ட் ஸ்லாலம் வென்றது, லூசேர்ன் மாநிலத்து ஸ்டோக்லி நிறுவனத்தின் இத்தகைய ஒடுங்கிய ஸ்கீயில்தான். இறுதிச் சரிவு சுமார் 60 விழுக்காடு சாய்வு. கீழே நின்று பார்த்தால், அவர் இடுப்பு பனியை உரசும் அளவுக்குச் சாய்ந்தும் விளிம்பு விடவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

பிறகு ஏன் கடைகளில் அகன்ற ஸ்கீக்கள் நிறைந்திருக்கின்றன? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1980களின் இறுதியில் அட்டோமிக் நிறுவனம் ஆழ்பனிக்காக மிக அகன்ற ஒரு ஸ்கீயைச் செய்தது. முதலில் ஹெலிகொப்டரில் மலையுச்சிக்குப் போகும் வசதி படைத்தவர்களின் பொருளாக இருந்தது. 2002இல் ஷேன் மெக்கோங்கி வடிவமைத்த ‘ஸ்பாட்டுலா’, இடை பருத்து நுனிகள் சிறுத்த, நோர்ஹைமின் பலகையைத் தலைகீழாக்கிய வடிவம். புதுப்பனியில் அது மிதந்தது. ஆழ்பனிக்கு அது சரியான விடை. அதை நான் முழுமனதோடு மதிக்கிறேன். ஆனால் அந்தச் சிந்தனை மெல்ல மெல்ல எல்லாச் சரிவுக்கும் ஒரே ஸ்கீ என்ற விளம்பரமாக மாறி, 90, 95, 100 மி.மீ. இடைகள் வாடிக்கையாயின. பருவம் முழுதும் ரட்ராக் ஓடிய தடத்தை விட்டு இறங்காத ஒருவர், விழாத ஆழ்பனிக்காக அகன்ற பலகையைச் சுமக்கிறார்.

இதில் நட்டம் என்ன என்பதைக் காலடியில் அளந்து காட்டலாம். இடை 66 மி.மீ. என்றால் விளிம்பு உங்கள் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 33 மி.மீ. தள்ளி இருக்கிறது. 100 மி.மீ. என்றால் 50 மி.மீ. தள்ளி இருக்கிறது. கெட்டிப் பனியில் முழு எடையும் அந்த விளிம்பில் நிற்கும்போது, தள்ளியிருக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணுக்காலையும் முழங்காலையும் முறுக்கும் நெம்புகோலாகிறது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் கூடுதல் நேரம் எடுக்கிறது. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்குத்தான் இது உறுத்தும். அவர் ஸ்கீயை அதிகமாகச் சரிப்பவர். 60 பாகை சரித்தால், 18 மீட்டர் என்று எழுதிய ஆரம் ஏறக்குறைய 9 மீட்டராகச் சுருங்கும். அந்தச் சாய்வை எட்டுவதற்கும் அதில் நிலைப்பதற்கும் ஒடுங்கிய இடை வேண்டும். இவ்வளவு சரிக்கும்போது சப்பாத்தின் ஓரம் பனியைத் தட்டிவிடக்கூடாது என்பதற்காகத்தான் காலடியில் தகடு வைத்து உயர்த்துகிறார்கள். பந்தயத்தில் அந்த உயரத்துக்கும் 50 மி.மீ. என்று வரம்பு உண்டு.

சுவிஸில் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கீ முகாம்களில் கற்றுக்கொண்டு, இன்று பெற்றோரைவிடப் பல மடங்கு துணிச்சலாக இறங்குகிறார்கள். அவர்களில் கைதேர்ந்த சிலர் சொந்தமாக ஸ்கீ வாங்க என்னிடம் வருவதுண்டு. ‘அண்ணை, எது நல்லது?’ என்பார்கள். நீங்கள் எங்கே சறுக்குகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் சமப்படுத்திய தடத்தில் என்றால், இடை 65 முதல் 72 மி.மீட்டருக்குள் பாருங்கள். குறுகிய, அடிக்கடி திரும்பும் சறுக்கல் பிடிக்கும் என்றால் ஸ்லாலம் வகை: 160 அல்லது 165 செ.மீ. நீளம், 12, 13 மீட்டர் ஆரம். காலை நேரத்தில் அகன்ற, ஆளில்லாத சரிவில் நீண்ட வளைவு போடுபவருக்கு ஜயன்ட் ஸ்லாலம் வகை: 175 முதல் 185 செ.மீ., 17 மீட்டருக்கு மேல் ஆரம். கால்வலு குறைந்தவர்கள் வீரர்களுக்கென்றே செய்த பந்தய ஸ்கீயைத் தொட வேண்டாம். அது வேகமும் எடையும் கொடுத்தால்தான் வளையும். கடையில் விற்கும் அதன் மென்மையான தம்பி போதும். புதுப்பனி விழும் சில நாட்களுக்கு அகன்றதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் இரண்டு வகையையும் ஒரே நாளில் வாடகைக்கு எடுத்து ஓடிப் பாருங்கள். முதல் கேபினில் ஏறி, ரட்ராக் விட்டுப்போன வரிகள் கலையுமுன் இறங்குங்கள். திரும்பி நின்று உங்கள் தடத்தைப் பாருங்கள். இரண்டு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அந்த ஸ்கீ உங்களுக்கு ஏற்றது. கோடு அகன்று தெரிந்தால் ஸ்கீயைக் குறை சொல்லுமுன் பட்டறைக்குக் கொண்டுவந்து பக்க விளிம்பை 87 பாகையில் தீட்டச் சொல்லுங்கள். மழுங்கிய விளிம்போடு இறுகிய பனியில் எந்த விலை ஸ்கீயும் பிடிக்காது.